தரையிலிருந்து சில அங்குலம்: இகோர் சிகோர்ஸ்கியின் கதை



சென்ற கோடை விடுமுறையில் என் பேரனுக்கு ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் இருந்த படம் நிஜ ஹெலிகாப்டரைப் போலவே இருந்தது. மேலே ஒரே ஒரு பெரிய ரோட்டர், வாலில் ஒரு சின்ன ரோட்டர். விலை சற்றுக் கூடுதல்தான், பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன். கூடத்தில் சோபாவை ஒதுக்கி, மின்விசிறியை நிறுத்தி, கீயைத் தள்ளினோம். எழும்பியது, சாய்ந்தது, டிவி ஸ்டாண்டில் போய் மோதியது. மூன்றாவது முயற்சியில் வால் ஒடிந்தது. எல்லாம் சேர்த்துப் பறந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பையன் அழவில்லை. பெட்டியை எடுத்து பீரோவின் மேல் வைத்துவிட்டு, தனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். ஒடிந்த வாலை ஒட்டிவிடலாம். ஆனால் பத்து வயதில் ஒரு பிள்ளை தனக்கு வராது என்று முடிவு கட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. தவறு அவனுடையதா, வாங்கிய என்னுடையதா? இந்த இயந்திரத்தைப் பறக்க வைத்தவர் முதலில் எப்படிக் கற்றுக்கொண்டார் என்று தேடிப் படித்தேன். பதில் அங்கேயே இருந்தது. அந்த மனிதரின் கதையை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வீட்டுக்குள் பறக்கவிட முதல் ஹெலிகாப்டர் வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இது உதவும்.

ரப்பர் பேண்டில் தொடங்கியது

இகோர் சிகோர்ஸ்கி 1889 மே 25 அன்று கீவ் நகரில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைனின் தலைநகரம். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா இவான், மனநல மருத்துவத்தில் பெயர் பெற்ற பேராசிரியர். அம்மாவும் மருத்துவம் படித்தவர். ஆனால் அதைத் தொழிலாகச் செய்யாமல் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். லியோனார்டோ டா வின்சி வரைந்த பறக்கும் இயந்திரங்களைப் பற்றி அந்தச் சிறுவன் முதலில் கேட்டது அம்மாவிடம்தான். ஜூல்ஸ் வெர்னின் கதைகளும் அவனைப் பிடித்துக்கொண்டன.

12 வயதில் ரப்பர் பேண்டை முறுக்கி விட்டால் செங்குத்தாக மேலே எழும்பும் ஒரு சின்ன ஹெலிகாப்டரைத் தன் கையாலேயே செய்தான். வீட்டுக்குள் பறக்கும் பொம்மைதான். அது அந்தக் காலத்துக்குப் புதிதும் அல்ல. பிரான்ஸில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் 1870-ஆம் ஆண்டிலேயே அப்படி ஒன்றைச் செய்துவிட்டார். அதே வகைப் பொம்மையை 1878-இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். கூரை வரை எழும்பி, சற்றுப் படபடத்து, கீழே விழும் பொம்மை. அந்தப் பையன்கள் வில்பரும் ஆர்வில்லும்; ரைட் சகோதரர்கள். பொம்மை உடைந்ததும் அதைப் பார்த்தே வேறு செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்கவில்லை என்பதையும் கண்டார்கள். ஆர்வில்லின் பெயர் இந்தக் கதையில் கடைசியில் மறுபடியும் வரும்.

ஓட்டல் அறையில் ஒரு சோதனை

இகோர் 14 வயதில் பீட்டர்ஸ்பர்க்கின் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் மனம் பொறியியல் பக்கம் திரும்பியது. பாரிஸில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு கீவ் திரும்பிப் பாலிடெக்னிக் கல்லூரியில் சேர்ந்தார். 1908 கோடையில் அப்பாவுடன் ஜெர்மனி போயிருந்தபோது ரைட் சகோதரர்கள் பறப்பதைப் பற்றிப் பத்திரிகையில் படித்தார். வாழ்க்கையின் திசை அன்றே முடிவாகிவிட்டது. ஓட்டல் அறையிலேயே ஒரு சிறிய ரோட்டரைச் செய்து, சுழற்றிப் பார்த்து, அது எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்று அளந்தார். ஹெலிகாப்டர் ஆராய்ச்சி அவருக்கு நான்கு சுவர்களுக்குள்தான் ஆரம்பித்தது.

அக்கா ஓல்கா கொடுத்த பணத்துடன் 1909 ஜனவரியில் பாரிஸ் போனார். விமானம் கட்டுவோர், பறப்போர் எல்லாம் கூடியிருந்த ஊர் அது. அனுபவசாலியான ஃபெர்டினாண்ட் ஃபெர்பர், ஹெலிகாப்டரில் காலத்தை வீணாக்க வேண்டாம், விமானம் கட்டுவதே நல்லது என்று அறிவுரை சொன்னார். 19 வயதுப் பிள்ளை அதைக் கேட்கவில்லை. 25 குதிரைத்திறன் அன்ஸானி எஞ்சின் ஒன்றை வாங்கிக்கொண்டு கீவ் திரும்பி, வீட்டுத் தோட்டத்திலேயே வேலையைத் தொடங்கினார்.

அவர் அன்று தேர்ந்தெடுத்த வடிவத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து கையை வேகமாக வலப்பக்கம் வீசினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும். ஹெலிகாப்டரிலும் அதே கதைதான். மேலே ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால் கீழே உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். இதைச் சமாளிக்க ஒரு வழி, ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர்களை வைத்து எதிரெதிராகச் சுழலவிடுவது. ஒன்றின் முறுக்கை மற்றது அடித்துவிடும். உடல் நேராக நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு கோஆக்ஸியல் என்று பெயர். சிகோர்ஸ்கியின் முதல் ஹெலிகாப்டர் இந்த வகைதான்.

அது எழும்பவில்லை. அதிர்ந்தது, குலுங்கியது, தரையை விட்டு வரவில்லை. 1910-இல் இரண்டாவதைக் கட்டினார். அது தன் எடையைத் தூக்கியது; ஓட்டுபவரையும் சேர்த்துத் தூக்கும் பலம் அதற்கு இல்லை. அக்காவின் பணம் போயிற்று. பாரிஸில் கேட்காமல் விட்ட அறிவுரையும் நினைவுக்கு வந்திருக்கும்.

அப்போது அவர் செய்த காரியம்தான் என்னைக் கவர்ந்தது. ஹெலிகாப்டர் நடக்காத காரியம் என்றோ தனக்கு வராது என்றோ அவர் முடிவுக்கு வரவில்லை. அன்றைய எஞ்சின்கள் எடைக்கு ஏற்ற பலம் இல்லாதவை. தனக்கும் போதிய அறிவு இல்லை. காலம் வரும்வரை தள்ளி வைப்போம் என்று கணக்குப் போட்டார். அந்தக் காலம் வர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகள்

1910 ஜூனில் அவர் கட்டிய விமானம் பறந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள். ஒருமுறை பறக்கும்போது எஞ்சின் நின்று, ஆபத்தான இடத்தில் இறங்க நேர்ந்தது. காரணத்தைத் தேடியபோது எரிபொருள் வரும் துளையில் ஒரு கொசு அடைத்திருந்ததைக் கண்டார். ஒரு கொசு ஒரு மனிதனின் உயிரோடு விளையாடலாம் என்றால் ஒரே எஞ்சினை நம்பக்கூடாது என்று தோன்றியது. 1913-இல் நான்கு எஞ்சின்களுடன், மூடிய அறையுடன் உலகின் முதல் பெரிய விமானம் அவர் கையால் பறந்தது. அதற்குப் பின் வந்த இல்யா முரோமெட்ஸ் 1914 கோடையில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் சென்று திரும்பியது. 25 வயதில் நாடறிந்த மனிதர்.

பிறகு போர், அதன்பின் புரட்சி. 1918-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். 1919 மார்ச் 30 அன்று நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கியபோது கையில் சில நூறு டாலர்கள்தான் இருந்தன. போர் முடிந்துவிட்டதால் விமானத் தொழிலில் வேலை இல்லை. நான்கு எஞ்சின் விமானம் கட்டியவர், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

1923-இல் சக ரஷ்யர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். இடம், லாங் ஐலண்டில் நண்பர் ஒருவரின் கோழிப்பண்ணை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த பொருட்களைக்கூடப் பயன்படுத்தி விமானம் கட்டினார்கள். பணம் தீர்ந்துபோன நேரத்தில் புகழ்பெற்ற இசைமேதை ராக்மனினோவ் 5,000 டாலர் கொடுத்துக் கைதூக்கி விட்டார். 1924-இல் அந்த விமானம் முதல் பறப்பிலேயே விழுந்து சேதமானது. பழுது பார்த்து மறுபடி பறக்கவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி 1926 செப்டம்பரில் விழுந்தது. அட்லாண்டிக் கடலை நிற்காமல் தாண்டுவதற்காக, ரெனே ஃபோங்க் என்ற பிரெஞ்சு விமானிக்கு மூன்று எஞ்சின் விமானம் ஒன்றைக் கட்டித் தந்திருந்தார். முழு எடையுடன் சோதித்துப் பார்க்காமலேயே புறப்பட்டார்கள். ஓடுபாதையின் முடிவில் விமானம் எழும்பாமல் விழுந்து தீப்பிடித்தது. இருவர் இறந்தனர். சிகோர்ஸ்கி அதைக் கண்ணால் பார்த்தார். பின்னாளில் அவர் ஒவ்வொரு சோதனையையும் சிறு சிறு படிகளாக வைத்துக்கொண்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாள் நினைவுக்கு வருகிறது.

1928-இல் நீரிலும் நிலத்திலும் இறங்கும் எஸ்-38 விமானம் அவரை மீட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவை விற்றன. கம்பெனி ஒரு பெரிய குழுமத்தில் இணைந்து, கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து வந்த பெரிய பறக்கும் படகுகள் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்குக் கடல் தாண்டும் வழிகளைத் திறந்துவிட்டன.

கயிற்றில் கட்டிய ஹெலிகாப்டர்

1938-இல் நிலைமை மறுபடி மாறியது. பறக்கும் படகுகளுக்கு ஆர்டர் இல்லை. சிகோர்ஸ்கியின் பிரிவை மூடிவிட நிர்வாகம் முடிவு செய்தது. கூப்பிட்டுச் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தன்னுடன் இருந்த பொறியாளர் குழுவைக் கலைக்காமல், ஹெலிகாப்டர் கட்ட அனுமதிக்க வேண்டும். அனுமதி கிடைத்தது. வயது 49.

அவருக்கு முன்பே வேறு சிலர் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹென்ரிக் ஃபோக்கே செய்த ஹெலிகாப்டருக்கு இரு பக்கமும் இரண்டு ரோட்டர்கள். 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ஷ் என்ற பெண் விமானி அதை பெர்லினின் டாய்ச்லாண்ட்ஹாலே என்ற பெரிய அரங்கத்துக்குள், பார்வையாளர்கள் முன்னிலையில் பறக்கவிட்டார். முழு அளவு ஹெலிகாப்டரைக் கூரைக்குக் கீழே பறக்கவிட்ட நிகழ்ச்சி அது.

சிகோர்ஸ்கி வேறு வழியில் போனார். மேலே ஒரே ஒரு பெரிய ரோட்டர். உடல் சுழலாமல் தடுக்க வாலில் ஒரு சிறிய ரோட்டர். எடை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் ஓட்டுவது கடினம். கையும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்றை அசைத்தால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும். இதில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் இதை ஓட்டத் தெரிந்தவர் யாருமே இல்லை. கட்டுகிறவரே ஓட்டவும் கற்றாக வேண்டும். கற்றுத்தர ஆள் இல்லை.

1939 செப்டம்பர் 14. விஎஸ்-300 என்று பெயரிட்ட அந்த இயந்திரத்துக்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. குழாய்ச் சட்டம், முன்னால் ஓர் இருக்கை, 75 குதிரைத்திறன் எஞ்சின், 8.5 மீட்டர் ரோட்டர். தொப்பியும் கோட்டும் அணிந்து சிகோர்ஸ்கியே ஏறி உட்கார்ந்தார். இயந்திரம் கட்டுக்கடங்காமல் போய்விடாதபடி அதைக் கயிறுகளால் பிணைத்து எடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சக்கரங்கள் தரையிலிருந்து சில அங்குலம் எழும்பின. சில விநாடிகளில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாட்களில் இன்னும் சில அங்குலம், இன்னும் சில விநாடி.

டிசம்பரில் அது கவிழ்ந்து சேதமானது. திருப்பிக் கட்டும்போது ஒரு படி பின்வாங்கினார்கள். சுழலும்போதே ஒவ்வொரு பிளேடின் சாய்வையும் மாற்றி ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு இன்னும் கைக்கு அடங்கவில்லை. அதைக் கழற்றி வைத்தார்கள். அந்த வேலையைச் செய்ய வாலில் மேலும் இரண்டு சிறு ரோட்டர்களைப் பொருத்தினார்கள். பார்க்க அழகாக இல்லை, ஆனால் அடங்கியது. 1940 மே 13 அன்று கயிறு இல்லாமல் பறந்தது. பின்னால் போகும், பக்கவாட்டில் போகும், நின்ற இடத்தில் நிற்கும். முன்னால் போகத்தான் தடுமாறியது. அதைக் குறித்து மற்றவர்கள் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தாராம்.

1941 மே 6 அன்று ஒரே இடத்தில் 1 மணி 32 நிமிடம் 26 விநாடி காற்றில் நிறுத்தி உலக சாதனை செய்தார். சாதனை எனப்பட்டது வேகத்துக்கோ உயரத்துக்கோ அல்ல, காற்றில் நீடித்து நின்றதற்கு. அவ்வளவு பழகிய பிறகே, அதே ஆண்டு டிசம்பரில், கழற்றி வைத்த அமைப்பைத் திரும்ப மாட்டி, கூடுதல் வால் ரோட்டர்களை எடுத்துவிட்டார்கள். இன்று வானில் நாம் பார்க்கும் பெரும்பாலான ஹெலிகாப்டர்களின் வடிவம் அன்று உறுதியானது.

ஆர்வில் ரைட் காத்திருந்தார்

1942 மே மாதம் ராணுவத்துக்கான முதல் ஹெலிகாப்டர் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து புறப்பட்டு, இடையிடையே இறங்கி, ஐந்து நாட்களில் ஒஹையோவின் டேட்டன் நகரை அடைந்தது. கடைசிக் கட்டத்தில் சிகோர்ஸ்கியும் அதில் இருந்தார். வரவேற்க வந்தவர்களில் ஒருவர் ஆர்வில் ரைட். அவருக்கு அப்போது 70 வயது. ஏழு வயதில் அப்பா கொண்டு வந்த பொம்மை கூரையில் முட்டியதைப் பார்த்தவர், 12 வயதில் அதேபோல் ஒன்றைச் செய்தவர் ஏறி வந்த நிஜ ஹெலிகாப்டரைப் பார்த்தார்.

இந்த இயந்திரம் நம் நாட்டு மண்ணையும் தொட்டது. 1944-இல் அசாமின் லாலாகாட் தளத்துக்கு இந்த வகை ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த ஏப்ரலில் பர்மாக் காட்டில் விழுந்த சிறு விமானம் ஒன்றின் ஓட்டுநரும், காயம்பட்ட மூன்று வீரர்களும் எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். கார்ட்டர் ஹார்மன் என்ற இளம் அதிகாரி இரண்டு நாட்களில் ஒவ்வொருவராக நால்வரையும் தூக்கி வந்தார். 1945 நவம்பரில், சிகோர்ஸ்கியின் தொழிற்சாலைக்கு அருகிலேயே, புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரைக் கயிறு இறக்கி மீட்டார்கள். தன் வாழ்நாளில் செய்தவற்றில் சிகோர்ஸ்கிக்கு மிகுந்த நிறைவு தந்தவை இத்தகைய மீட்புகள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மொட்டை மாடிகளிலிருந்து மேலே பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1957-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசகராக அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். 1972 அக்டோபர் 26 அன்று, 83 வயதில், கனெக்டிகட்டில் தன் வீட்டில் காலமானார்.

நம் கூடத்துக்கு எது?

இப்போது பீரோ மேல் இருந்த பெட்டிக்கு வருவோம். சிகோர்ஸ்கி 50 வயதில், கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாகக் கற்ற வடிவத்தை நான் பத்து வயதுப் பையன் கையில் முதல் நாளே கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

முதல் ஹெலிகாப்டர் கோஆக்ஸியலாக இருக்கட்டும். மேலும் கீழும் இரண்டு ரோட்டர்கள். 1909-இல் சிகோர்ஸ்கியை ஏமாற்றிய அதே வடிவம்தான். அன்று இல்லாத இலேசான மோட்டாரும் பேட்டரியும் இன்று இருப்பதால் அது அழகாக எழும்புகிறது. கீயை விட்டால் தானே நேராகி நிற்கப் பார்க்கும். வேகம் குறைவு, அதனால் கைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். காற்றடித்தால் ஓடிவிடும் என்பதால் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ ஆகாது. வீட்டுக்குள் அதுதான் ராஜா.

மூன்று சேனல் என்று எழுதியிருந்தால் ஏறுதல் இறங்குதல், திரும்புதல், முன்பின் போதல் உண்டு. நான்கு சேனல் என்றால் பக்கவாட்டிலும் நகரும். சிறு பிள்ளைக்கு மூன்று போதும். தொடர்ந்து கற்க ஆசை இருந்தால் நான்கு வாங்குங்கள். டிவி ரிமோட் போல இன்ஃப்ராரெட்டில் இயங்குபவை மலிவு. ஆனால் ஜன்னல் வெயில் பட்டால் தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் உள்ளதே நல்லது.

உள்ளங்கையில் அடங்கும் அளவும் எடை குறைவும் முக்கியம். லேசான பொருள் சுவரில் மோதினால் சுவருக்கும் சேதமில்லை, அதற்கும் அதிகச் சேதமில்லை. மாற்று பிளேடும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள். பிளேடு உடையாமல் யாரும் கற்றதில்லை.

நின்ற இடத்தில் நிறுத்தப் பழகிய பிறகு, ஒற்றை ரோட்டர் வகைக்குப் போகலாம். அதில் முதலில் பிளேடின் சாய்வு மாறாத ஃபிக்ஸட் பிட்ச் வகை. சிகோர்ஸ்கியின் கைகால்கள் செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று பருப்பளவு கைரோ சில்லு பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் பழகாத கைக்கு அது கடினமே. பிளேடு சாய்வை மாற்றிக் குட்டிக்கரணம் போடும் கலெக்டிவ் பிட்ச் வகை கடைசி. அது வீட்டுக் கூடத்துக்கு உரியதல்ல.

ஓட்டும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். வால் உங்கள் பக்கம் இருக்கட்டும். மூக்கு உங்களைப் பார்த்தால் இடம் வலமாக மாறிக் குழப்பும். தரையை ஒட்டியே வைத்திருந்தால் தன் காற்றிலேயே அது தள்ளாடும். முழங்கால் உயரத்துக்கு எழுப்பி நிறுத்திப் பாருங்கள். சுவருக்கும் கூரைக்கும் அருகிலும் அதே தள்ளாட்டம் உண்டு. எதிலாவது தட்டினால் உடனே கீயை முழுவதும் கீழே இழுங்கள். பிளேடு மாட்டிக்கொண்டு மோட்டார் சுற்றினால் மோட்டார் கருகும். சிறு பிள்ளைகளும் செல்லப் பிராணிகளும் பக்கத்தில் வேண்டாம்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். இவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், வெளியே போகாதீர்கள். பறந்து முடிந்ததும் சூடு ஆறிய பிறகு சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்கழிவு எடுப்பவர்களிடம் தனியாகக் கொடுங்கள்.

நான் பிறகு ஒரு கோஆக்ஸியல் வாங்கினேன், பழையதன் விலையில் பாதிக்கும் குறைவு. பேரனிடம் சிகோர்ஸ்கி கயிறு கட்டிப் பறந்த கதையைச் சொன்னேன். அவன் உள்ளே போய் அம்மாவின் தையல் நூலை எடுத்து வந்து, ஹெலிகாப்டரின் காலில் கட்டி, மறுமுனையை ஒரு புத்தகத்துக்கு அடியில் வைத்தான். எழும்பியது. நூல் இழுத்தது. இறங்கியது. அன்று முழுக்க அதையேதான் செய்தான். மூன்றாம் நாள் நூலை அவனே அவிழ்த்தான். ஒற்றை ரோட்டர் ஹெலிகாப்டர் இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது. வாலை ஒட்டிவிட்டோம். அதை எப்போது இறக்குவது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.